மட்டி ஏரியிலிருந்து கேடிலாக் வரை: ஒரு மரம்வெட்டி ஊரின் வரலாறு

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவின் வட மிச்சிகனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏரிக்கரைகளில் முளைத்த மரம்வெட்டி ஊர்கள் எப்படி இயங்கின? காடு தீர்ந்ததும் பல ஊர்கள் அடையாளமின்றிப் போக, சில ஊர்கள் மட்டும் எப்படி நின்றன? எல்லா ஊர்களுக்கும் பொருந்தும்படி ஒரே விடை சொல்வதைவிட, எனக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் இருக்கும் கேடிலாக் அந்த ஊர். அது பிழைத்ததற்கு முதலாளிகளின் தொலைநோக்கைக் காரணமாகச் சொல்வது உள்ளூர் வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட அடிப்படையான காரணம், அந்த ஊருக்கு மரம் மிதந்து போகத்தக்க நல்ல ஆறு வாய்க்கவில்லை என்பதே என் எண்ணம். தொடக்கத்தில் குறையாக இருந்த அதுவே பின்னால் ஊரைக் காப்பாற்றியது.

1836இல் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஒட்டாவா, சிப்பெவா என்ற பூர்வகுடி மக்கள் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்து வடமேற்குப் பகுதியையும் மேல் தீபகற்பத்தின் கிழக்குப் பாதியையும் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கேடிலாக் இருக்கும் நிலமும் அதில் அடங்கும். அன்று அங்கே அடுத்தடுத்து இரண்டு ஏரிகள் இருந்தன. அவற்றுக்குப் பெரிய கிளாம் ஏரி, சிறிய கிளாம் ஏரி என்று பெயர். கிளாம் என்றால் மட்டி. பெரியது சுமார் 2,500 ஏக்கருக்குச் சற்று மேல், சிறியது சுமார் 1,150 ஏக்கர். இவற்றைச் சுற்றி வெள்ளைப் பைன் மரங்கள் நின்றன. முற்றிய வெள்ளைப் பைன் 150 அடி வரை உயரும். அடிப்பகுதி மூன்று, நான்கு அடி குறுக்களவு இருக்கும். நேராக வளரும், கணு குறைவு, அறுக்க எளிது, நீரில் நன்றாக மிதக்கும். மரமே இல்லாத மேற்குச் சமவெளிகளில் வீடு கட்டக் குடியேறியவர்களுக்கும், 1871 அக்டோபர் தீயில் எரிந்துபோன சிகாகோ நகரை மீண்டும் எழுப்பியவர்களுக்கும் இதைவிடத் தோதான மரம் கிடையாது.

மிச்சிகனின் மரத்தொழில் அதுவரை ஆற்றையே நம்பியிருந்தது. குளிர்காலத்தில் வெட்டி ஆற்றங்கரையில் அடுக்கிவைத்த தடிகளை, வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது நீரில் தள்ளிவிடுவார்கள். அவை நூறு மைல் தொலைவு மிதந்து சென்று, ஆறு மிச்சிகன் ஏரி போன்ற பேரேரியில் கலக்கும் இடத்திலுள்ள ஆலைகளைச் சேரும். பல முதலாளிகளின் மரங்கள் ஒரே வெள்ளத்தில் கலந்து வருமாதலால், ஒவ்வொரு தடியின் வெட்டுமுகத்திலும் சம்மட்டியால் உரிமையாளரின் முத்திரை அடிக்கப்படும். மாட்டுக்குச் சூடு போடுவதைப் போன்ற ஏற்பாடுதான் இது. மஸ்கீகன், மனிஸ்டீ, சாகினா ஆகிய ஊர்கள் இப்படித்தான் செழித்தன. மஸ்கீகன் ஏரியைச் சுற்றி மட்டும் 1880களில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்கின.

சிறிய கிளாம் ஏரியிலிருந்து புறப்படும் கிளாம் ஆறு கிழக்கே ஓடி மஸ்கீகன் ஆற்றில் கலக்கிறது. ஆனால் அது ஒடுங்கி வளைந்து செல்லும் சிற்றாறு. ஏரிகளைச் சுற்றியிருந்த அவ்வளவு பைன் மரத்தையும் அதன் வழியே அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட யாருக்கும் துணிவு வரவில்லை. அதனால் ஆற்றங்கரைக் காடுகள் வெட்டுப்பட்டுக் கொண்டிருந்தபோதும் இந்த மேட்டுநிலம் பெரும்பாலும் தொடப்படாமல் கிடந்தது.

இந்த நிலைமையை மாற்றியது ரயில். கிராண்ட் ரேபிட்ஸ் – இந்தியானா ரயில் நிறுவனம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தன் பாதையை நீட்டிக்கொண்டு வந்தது. இந்தியானாவின் கெண்டல்வில் ஊரைச் சேர்ந்த வங்கியாளர் ஜார்ஜ் மிச்செல் 1871இல் இங்கே வந்து பார்த்தார். முதலில் வகுத்த திட்டப்படி பாதை இரண்டு ஏரிகளுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்தின் வழியே செல்லவேண்டும். மிச்செல் அதைச் சிறிய ஏரியின் கிழக்குக் கோடிக்குத் திருப்பச் செய்து, அந்தக் கோடியில் நிலம் வாங்கி மனை பிரித்தார். நில வணிகம் என்று பார்த்தால் இது பழைய தந்திரம்தான்: ரயில் எங்கே நிற்குமோ அங்கே மனை வைத்திருப்பவனுக்கு லாபம். ஆனால் அதில் பொறியியல் நியாயமும் இருந்தது. ஏரியின் கோடியில் ஆலைகளை வரிசையாக வைத்தால் ஒருபுறம் தடி வந்து சேர நீர்ப்பரப்பு, மறுபுறம் பலகை வெளியேறத் தண்டவாளம். கிளாம் லேக் என்ற பெயரில் ஊர் பிறந்தது. 1877இல் அது நகரமாக உயர்ந்தபோது, 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரான அந்துவான் தெ லா மோத் கதியாக்கின் பெயரை எடுத்துக்கொண்டது. ஆங்கில உச்சரிப்பில் அது கேடிலாக் ஆயிற்று. மிச்செலே முதல் நகரத் தலைவர். அடுத்த ஆண்டே குதிரை வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்துபோனார். ஏரிகளின் பெயர்கள் 1903இல்தான் மாறின: பெரியது மிச்செல் ஏரி, சிறியது கேடிலாக் ஏரி.

ஆலைகள் சிறிய ஏரியில் இருந்தன. காட்டின் பெரும்பகுதியோ பெரிய ஏரியைச் சுற்றி நின்றது. ஆகவே 1873இல் இரண்டையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். நீளம் அரை மைலுக்கும் குறைவு. மேற்குக் கரைகளில் வெட்டிய தடிகளை மிதவைச் சங்கிலிக்குள் வளைத்துக் கட்டி, கால்வாய் வழியாக இழுத்து ஆலை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். இந்தக் கால்வாயைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. குளிர் தொடங்கியதும் ஏரிகளுக்கு முன்னால் கால்வாய் உறைந்துவிடும். பிறகு ஏரிகள் உறைந்ததும் கால்வாயின் பனிக்கட்டி உருகி, எஞ்சிய குளிர்காலம் முழுவதும் அது திறந்த நீராகவே கிடக்கும். ஆழமற்ற நீர் விரைவில் குளிர்ந்து உறைகிறது. பின்னர் ஏரியின் மேற்பரப்பைப் பனிக்கட்டி மூடியதும், அதன் அடியிலுள்ள சற்றே வெதுவெதுப்பான நீர் கால்வாய் வழியே நகர்ந்து அதை உருக்கிவிடுகிறது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

காட்டு வேலை குளிர்கால வேலை. கோடையில் சதுப்பில் புதைந்துபோகும் பாரம், பனியின் மேல் சறுக்கிப் போகும் என்பதே அதற்குக் காரணம். முகாம்களிலிருந்து ஏரிக்கரை வரை பாதை வெட்டி, இரவு நேரத்தில் தொட்டி பொருத்திய சறுக்குவண்டியிலிருந்து அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே செல்வார்கள். விடிவதற்குள் பாதை கண்ணாடி போல் இறுகிவிடும். அதன்மேல் இரண்டு குதிரைகள், மண்தரையில் அசைக்கக்கூட முடியாத சுமையை இழுத்துச் செல்லும். இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம். இறக்கத்தில் வண்டி குதிரைகளின் மேல் ஏறிவிடாமலிருக்க, பாதையில் வைக்கோலோ மணலோ தூவுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் அளவு தவறித் தூவினால் நடு இறக்கத்தில் வண்டி நின்றுவிடும். தூவாமல் விட்டால் குதிரைகள் சாகும். மர முகாம்களின் வரலாற்றில் கோடரிக்காரர்களுக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட இந்த வைக்கோல்காரருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

ஏரியில் தடிகளைப் போட்டு வைப்பது வெறும் இடவசதிக்காக அல்ல. நீரில் கிடக்கும் மரம் காய்ந்து வெடிக்காது, பூச்சி அரிக்காது, ஒட்டியிருக்கும் மண்ணும் கல்லும் கழுவப்பட்டு ரம்பத்தின் பல் தப்பிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு டன் எடையுள்ள தடியை ஒரே ஆள் நீண்ட கொக்கிக் கழியால் தள்ளிக்கொண்டு போகலாம். முள் வைத்த சங்கிலி அதை நீரிலிருந்து சரிவுப் பலகையில் ஏற்றி ஆலைக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளே அந்நாளில் சுழன்றது வட்ட ரம்பம். அதன் வெட்டுத் தடம் கால் அங்குலம் அல்லது அதற்கும் மேல். ஓர் அங்குலப் பலகைக்குக் கால் அங்குலம் தூள் என்றால், ஐந்தில் ஒரு பங்கு மரம் தூளாகவே போயிற்று என்று பொருள். பின்னால் மெல்லிய எஃகுப் பட்டையாலான ரம்பம் வந்தபோதுதான் அந்தத் தடம் பாதியாகக் குறைந்தது. அதற்குள் பைன் காட்டின் பெரும்பகுதி அறுபட்டு முடிந்திருந்தது.

கேடிலாக்கின் பெயரைத் தொழில்நுட்ப வரலாற்றில் நிறுத்தியவர் எஃப்ரைம் ஷே. ஊருக்குச் சற்று வடக்கே ஹேரிங் என்ற சிற்றூரில் சிறிய மர ஆலை வைத்திருந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். பனி குறைந்த ஆண்டுகளில் சறுக்குவண்டி ஓடாது. தடிகள் காட்டிலேயே கிடந்து முதலாளி கடனாளி ஆவார். 1877–78 அப்படியொரு பனியற்ற குளிர்காலம். அதே ஆண்டில் தெற்கே கிளேர் மாவட்டத்தில் வின்ஃபீல்டு ஸ்காட் கெரிஷ் என்பவர், லேக் ஜார்ஜிலிருந்து மஸ்கீகன் ஆறு வரை தாம் போட்டிருந்த தனி ரயில் பாதையில் தடிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பெரும் லாபம் பார்த்தார். அதற்குப் பின் காட்டு ரயில் பற்றி யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் ஷே போன்ற சிறு முதலாளியால் உருக்குத் தண்டவாளம் வாங்க முடியாது. அவர் மேப்பிள் மரச் சட்டங்களையே தண்டவாளமாகப் பதித்தார். சாதாரண ரயில் எஞ்சினை அதன்மேல் ஏற்றினால், பெரிய சக்கரங்களின் பாரமும் உந்துதண்டுகளின் குத்தும் பாதையைச் சிதைத்துவிடும்.

ஷே செய்தது, பார்வைக்குக் கோணலான, ஆனால் மிகச் சரியான ஒரு வேலை. தட்டையான ரயில் பெட்டியின் மேல் கொதிகலனை நிறுத்தி, நீராவி உருளைகளைச் செங்குத்தாக ஒரு பக்கத்தில் பொருத்தி, அவை சுழற்றும் நீளமான தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியாகச் சிறிய சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் விசையைப் பகிர்ந்தளித்தார். தண்டின் இடையிடையே வளைந்து கொடுக்கும் மூட்டுகள் இருந்ததால், எஞ்சின் கூர்மையான வளைவிலும் திரும்பியது. எல்லாச் சக்கரங்களும் இழுத்ததால் சாதாரண எஞ்சின் வழுக்கும் செங்குத்தான ஏற்றத்திலும் ஏறியது. வேகம் மட்டும் மாட்டுவண்டிக்குச் சற்று மேல் என்று கேலி செய்யலாம். 1881 ஜூன் மாதத்தில் காப்புரிமை கிடைத்தது. ஒஹையோவின் லைமா நகரிலிருந்த இயந்திரத் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. 1945 வரை மொத்தம் சுமார் 2,770 ஷே எஞ்சின்கள் உருவாகி, உலகின் பல மலைக்காடுகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றன.

ஆறு நன்றாக இருந்த ஊர்களில் தடியை வெள்ளம் இலவசமாகச் சுமந்தது. காட்டுக்குள் தண்டவாளம் போட அவர்களுக்கு அவசரம் ஏற்படவில்லை. ஆறு இல்லாத கேடிலாக் தொடக்கத்திலேயே ரயிலுக்குப் பழகிவிட்டது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அடுத்த இருபது ஆண்டுகளில் தெரிந்தது.

அதற்கு முன், ஊரின் குணத்தைக் காட்டும் ஒரு நிகழ்வைச் சொல்லவேண்டும். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் தலைநகர் முதலில் ஷெர்மன். கேடிலாக் அதைத் தனக்குக் கேட்டது. சமரசமாக 1881இல் மான்டன் என்ற ஊருக்கு மாற்றினார்கள். 1882 ஏப்ரலில் மாவட்ட அளவில் நடந்த வாக்கெடுப்பில் கேடிலாக் வென்றது. மறுநாளே அதிகாரி ஒருவரின் தலைமையில் ஒரு கூட்டம் தனி ரயிலில் மான்டனுக்குப் போய் ஆவணங்களை அள்ளத் தொடங்கியது. மான்டன் மக்கள் திரண்டு பாதியிலேயே அவர்களை விரட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய அதிகாரி, பல நூறு பேரை ஆயுதங்களோடு ரயிலேற்றினார். அவர்களுடன் ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் சென்றதாகச் சொல்லப்படுகிறது. பலர் நல்ல போதையில் இருந்திருக்கலாம் என்பதை நிகழ்வை நினைவுகூரும் வரலாற்றுப் பலகையே ஒப்புக்கொள்கிறது. மான்டன் மக்கள் நீதிமன்றக் கட்டடத்தைத் தடுப்புப் போட்டு அடைத்தும் பயனில்லை. மிச்சமிருந்த ஆவணங்களும் கேடிலாக் வந்து சேர்ந்தன. மாவட்டத் தலைமை என்றால் நீதிமன்றம், பத்திரப் பதிவு, வழக்கறிஞர்கள், விடுதிகள். மரம் தீர்ந்தாலும் தீராத வருமானம் அது. வாத்தியக் குழுவோடு போனவர்கள் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆலையிலும் முகாமிலும் உழைத்தவர்களில் சுவீடனிலிருந்து வந்தவர்கள் கணிசமானோர். ஆலைத் தொழிலாளியின் நாள் நீண்டது. மாநிலத்தின் கிழக்கே சாகினா பள்ளத்தாக்கில் 1885 கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் ‘பத்து மணி நேரம், இல்லையேல் மரத்தூள் இல்லை’ என்ற முழக்கத்தோடு வேலையை நிறுத்தினார்கள் என்பதிலிருந்து, அதுவரை நாள் எவ்வளவு நீண்டிருந்தது என்று ஊகிக்கலாம். இத்தனைக்கும் ஊர் வளர்ந்தபடியே இருந்தது. கேடிலாக்கின் மக்கள்தொகை 1880இல் சுமார் 2,200. 1900இல் ஏறக்குறைய 6,000.

1890களில் பைன் தீரத் தொடங்கியது. அதை முதலில் உணர்ந்தவர்கள் முதலாளிகளே. கேடிலாக்கின் பெரும் மரக் குடும்பங்களில் ஒன்றான கம்மர் குடும்பத்தின் ஒரு கிளை மூட்டை கட்டிக்கொண்டு புளோரிடாவின் ஜாக்சன்வில் நகருக்குப் போய், அங்குள்ள காடுகளை வாங்கிற்று. அந்த நகரில் 1961இல் திறக்கப்பட்ட கம்மர் கலை அருங்காட்சியகம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நைனா கம்மர் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. வட மிச்சிகனின் பைன் மரம் எங்கெல்லாம் போய் நிற்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

போகாதவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் மிச்செலின் உறவினர் வில்லியம் மிச்செலும் ஜோனதன் காப்ஸும் சேர்ந்து நடத்திய நிறுவனம், பைன் வெட்டிய இடங்களில் ஒதுக்கிவிட்டிருந்த மேப்பிள், பீச் போன்ற வன்மரங்களின் பக்கம் திரும்பியது. ஆற்றை நம்பிய ஊர்கள் இதைச் செய்ய முடியாமல் திணறியதற்குக் காரணம் மிக எளியது: பச்சை மேப்பிள் தடி நீரில் நெடுந்தூரம் மிதக்காது, மூழ்கிவிடும். வெள்ளத்தில் விட்டால் போய்ச் சேராது. தண்டவாளத்துக்கு மிதப்பதும் மூழ்குவதும் ஒன்றுதான். காட்டுக்குள் ஏற்கெனவே கிளை பரப்பியிருந்த ரயில் பாதைகள், பைன் இறக்கிய அதே ஆலைகளுக்கு மேப்பிளை இறக்கின. நடன அரங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேய்மானம் தாங்கும் மேப்பிள் தளப்பலகை கேடிலாக்கிலிருந்து சென்றது. பலகைக்கு ஆகாத கொம்பும் கிளையும் மூடிய சூளைகளில் எரிந்து கரியும், மரச் சாராயம் எனப்படும் மெத்தனாலும் ஆயின. 1910இல் மக்கள்தொகை 8,000ஐத் தாண்டியது. அதாவது பைன் முடிந்த பின்னும் ஊர் வளர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஊர்கள் போதும். மிச்சிகன் ஏரிக்கரையில், கலமசூ ஆற்றின் முகத்தில் சிங்கப்பூர் என்ற பெயரில் ஓர் ஆலை ஊர் இருந்தது. சுற்றியிருந்த காடு தீர்ந்ததும் ஆலைகள் மூடின. மரம் போன பிறகு காற்றைத் தடுக்க எதுவும் இல்லாததால் மணல்மேடுகள் நகர்ந்துவந்து ஊரையே மூடிவிட்டன. மற்றொன்று கேடிலாக்கின் அண்டை ஊரான ஜென்னிங்ஸ். மிச்செல் குடும்ப நிறுவனத்தின் ஆலையைச் சுற்றி அமைந்த ஏரிக்கரை ஊர். 1920களின் தொடக்கத்தில் அங்கே மரம் முடிந்ததும் ஆலையோடு ஊரும் முடிந்தது. அங்கிருந்த வீடுகள் பல கேடிலாக்குக்குக் கொண்டுவந்து வைக்கப்பட்டன. ஆக, ‘பிழைத்த ஊர்’ என்று சொல்லும்போது, பிழைக்காத ஊரின் சுவர்களும் அதற்குள் இருக்கின்றன.

காட்டுக்கு நேர்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. வெட்டியபின் கிடந்த கொம்பும் தழையும் காய்ந்து மீண்டும் மீண்டும் தீப்பற்றின. மறுபடி முளைத்த கன்றுகளும் விதைகளும் அதில் கருகின. அடிக்கட்டைகள் நின்ற நிலத்தை விவசாய நிலமென்று விற்றார்கள். பெரும்பகுதி மணற்பாங்கான மண். வாங்கியவர்கள் சில ஆண்டுகளில் வரி கட்ட முடியாமல் கைவிட்டுப் போனார்கள். 1930களில் அரசின் வேலைத்திட்ட இளைஞர்கள் இத்தகைய நிலங்களில் பைன் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். 1938இல் மனிஸ்டீ தேசிய வனம் அமைந்தது. இன்று கேடிலாக்கின் மேற்கே காரில் போனால் மரங்கள் அணிவகுப்புப் போல் நேர்கோட்டில் நிற்பதைக் காணலாம். இயற்கைக் காட்டில் மரம் அப்படி நிற்காது.

நேரில் போகிறவர்களுக்கு: இரண்டு ஏரிகளுக்கும் இடையே, கால்வாயை ஒட்டி வில்லியம் மிச்செலின் பெயரில் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஆலைகள் நின்ற ஏரிக்கோடி இன்று நகரப் பூங்கா. அங்கே ஒரு ஷே எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை வலப்புறமிருந்து பாருங்கள். உருளைகளும் தண்டும் பல்சக்கரங்களும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன, இடப்புறம் வெறுமையாக இருக்கும். 1906இல் கட்டிய கார்னகி நூலகக் கட்டடம் இப்போது மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம். மிச்செல் திருப்பிவிட்ட அந்த ரயில் பாதையின் தண்டவாளங்கள் கேடிலாக்குக்குத் தெற்கே பெயர்க்கப்பட்டுவிட்டன. அதன் தடத்தில் கிராண்ட் ரேபிட்ஸ் அருகிலிருந்து கேடிலாக் வரை 92 மைல் நீளத்துக்கு நடைக்கும் மிதிவண்டிக்குமான பாதை ஓடுகிறது. அதற்கு வெள்ளைப் பைன் பாதை என்று பெயர்.